டிஷ்வாஷர் பாதியில் நின்றுவிட்டதா? கொழும்பு வீட்டுக்கான முழுமையான திருத்த வழிகாட்டி

"டிஷ்வாஷர் வேலை செய்யவில்லை" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: எந்தக் கட்டத்தில் நின்றது? பலருக்கு அது தெரியாது. அதற்குள் ஒருவர் வந்து பார்த்து, "போர்ட் (மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை) போயிட்டுது" என்று சொல்லி, புது மெஷின் விலையில் பாதியைக் கேட்டிருப்பார்.

இந்த மெஷின் செய்வது நான்கு வேலை. தண்ணீரை எடுக்கும், சுழற்றி அடிக்கும், சூடாக்கும், வெளியே தள்ளும். இதில் எது நடக்கவில்லை என்று தெரிந்தால் பழுது எங்கே என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கக் காது போதும், ஸ்குரு டிரைவர் அப்புறம்.

இன்னொன்று. மெஷினோடு வரும் கையேடு பெரும்பாலும் ஐரோப்பிய வீட்டை நினைத்து எழுதப்பட்டது. அங்கே குழாயில் எப்போதும் நல்ல அழுத்தம் இருக்கும், பல இடங்களில் தண்ணீர் கடினமானது, அதாவது சுண்ணாம்பு கூடியது, தட்டில் சோறும் கறிவேப்பிலையும் மிஞ்சுவதில்லை. நம் வீட்டில் கூரைத் தாங்கி, மென்மையான தண்ணீர், எறும்பு, சித்திரை மாத இடி. ஆகவே எதை முதலில் சந்தேகிப்பது என்ற வரிசையும் இங்கே மாறும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

தொடுவதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் தவறான வயரில் பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. பிளக் கைக்கு எட்டாமல் பென்ட்ரி கபட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தால் மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். பிறகு மெஷினுக்குப் போகும் தண்ணீர்க் குழாயை மூடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: வாளி, பெரிய ஸ்பொஞ்ச், பழைய துவாய் இரண்டு, டோர்ச், பிலிப்ஸ் ஸ்குரு டிரைவர், பிளையர்ஸ், தடித்த கையுறை. சில மெஷின்களுக்கு நட்சத்திரத் தலை திருகாணி இருக்கும், அதற்கு டோர்க்ஸ் பிட் வேண்டும். மின்தடையை அளக்க மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சாதாரண ரகமே போதுமானதாகக் கிடைக்கும். கையுறையைச் சும்மா சொல்லவில்லை. மெஷினின் அடித் தகட்டு விளிம்பு பிளேட் போலக் கூர்மையாக இருக்கும், உள்ளே அடியில் தண்ணீர் சேரும் சம்ப் குழிக்குள் உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கலாம்.

கதிரையைப் போட்டு உட்கார்ந்து கேளுங்கள்

அடியில் தண்ணீர் கசியவில்லை, எரிந்த மணம் இல்லை, ட்ரிப் சுவிட்ச் விழவில்லை என்றால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இதற்கு மட்டும் பிளக்கும் தண்ணீர்க் குழாயும் போட்டபடி இருக்க வேண்டும். பாத்திரம் எதுவும் இல்லாமல், சுடுதண்ணீரில் கழுவும் புரோகிராம்களில் இருப்பதிலேயே குறுகியதில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

முதலில் "உர்ர்" என்று ஒரு சத்தம், சில வினாடிகள். பழைய தண்ணீரை வெளியேற்றும் பம்ப் அது. பிறகு "ஸ்ஸ்" என்று தண்ணீர் உள்ளே வரும். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய 3, 4 லீட்டர் எடுத்துவிட்டு நிற்கும். அடுத்து சுழற்சிப் பம்ப் தொடங்கும். தண்ணீர் சுவரில் "சளப் சளப்" என்று சீராக மோதுவது கேட்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் கதவை மெதுவாகத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்க வேண்டும். இடையில் ஒரு "டக்", அது சவர்க்காரப் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம். பிறகு வெளியேற்றம், மறுபடி நிரப்புதல், அலசல்.

சத்தம் எங்கே அறுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். "உர்ர்" கேட்கிறது, ஆனால் தண்ணீர் குறையவில்லை என்றால் வெளியேற்றப் பக்கம். "ஸ்ஸ்" கேட்கவேயில்லை, அல்லது மெலிதாக இழுத்துக்கொண்டே போகிறது என்றால் வரத்துப் பக்கம். தண்ணீர் வந்தது, அப்புறம் மௌனம் என்றால் சுழற்சிப் பம்ப். எல்லாச் சத்தமும் ஒழுங்காகக் கேட்டும் உள்ளே பச்சைத் தண்ணீர் என்றால் ஹீட்டர்.

திரையில் குறியீடு வந்தால் அதையும் எழுதி வையுங்கள். பொஷ் மெஷின்களில் ஈ24, ஈ25 இரண்டும் வெளியேற்றம் பற்றியவை, ஈ15 அடித்தட்டில் தண்ணீர், ஈ09 ஹீட்டர். சாம்சங்கில் 4சி வரத்து, 5சி வெளியேற்றம். எல்ஜியில் ஐஈ வரத்து, ஓஈ வெளியேற்றம். இலெக்ட்ரோலக்ஸில் ஐ10 வரத்து, ஐ20 வெளியேற்றம், ஐ30 கசிவு. மாடலுக்கு மாடல் இது மாறும், கையேட்டில் ஒருமுறை சரிபாருங்கள். குறியீடு சொல்வது எந்த வேலை நடக்கவில்லை என்பதைத்தான். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது. ஈ24 வந்தவுடன் பம்ப் வாங்க ஓடுபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் வெளியே போகவில்லை

நம் வீடுகளில் அதிகம் வருவது இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கீழ்க் கூடையை வெளியே எடுங்கள். தேங்கிய தண்ணீரை ஸ்பொஞ்ச்சால் ஒற்றி வாளியில் பிழியுங்கள். அடியில் உருளை வடிவில் ஒரு பில்டர் இருக்கும். இடப்பக்கமாகத் திருகித் தூக்கினால் வந்துவிடும், அதோடு தட்டையான சல்லடையும் வரும். இரண்டையும் குழாயின் கீழே பிடித்து, பழைய பல் தூரிகையால் உள்ளும் புறமும் தேயுங்கள்.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பில்டர் இருந்த குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளவத்தையில் ஒரு அன்ரி வீட்டு மெஷின். குழிக்குள் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படிவு, அதில் ஊதிப்போன சோற்றுப் பருக்கைகள், கடுகு, ஜாம் போத்தல் லேபிளின் ஒரு மூலை. "தம்பி, நான் எல்லாத்தையும் அலசிப்போட்டுத்தானே உள்ளுக்கை வைக்கிறனான்" என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பம்பை நிறுத்தியிருந்தது அந்தச் சேறு அல்ல. விசிறிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு தேசிக்காய் விதை இறுகியிருந்தது. தண்ணீர்க் கிளாஸின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த விதையாக இருக்க வேண்டும்.

விசிறியைப் பார்க்கும் முறை இது:

1. குழியின் ஒரு பக்கச் சுவரில் சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும். பொஷ், சீமென்ஸ் ரகங்களில் கரண்டிக் காம்பால் நெம்பி உள்பக்கமாக இழுத்தால் கழன்றுவிடும். சில ரகங்களில் ஒரு திருகாணி இருக்கும்.
2. அதற்குப் பின்னால்தான் பம்பின் விசிறி. கரண்டிக் காம்பால் அல்லது மரக்குச்சியால் சுற்றிப் பாருங்கள், வெறும் விரல் வேண்டாம்.
3. விசிறி வழுக்கிக்கொண்டு சுற்றாது, விட்டுவிட்டுத் தாவித் தாவித்தான் சுற்றும். உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பதால் அப்படி. அது பழுதல்ல. முழுவதுமாக இறுகி நின்றாலோ, எதிர்ப்பே இல்லாமல் கலகலவென்று ஆடினாலோதான் பழுது.
4. மூடியைத் திரும்பப் போடும்போது "க்ளிக்" என்று கேட்க வேண்டும். அது சரியாக உட்காராவிட்டால் பம்ப் ஓடினாலும் தண்ணீர் போகாது, ஈ25 மறுபடி வரும்.

விசிறி சரி, இன்னும் தண்ணீர் போகவில்லையா? ஹோஸைச் சந்தேகியுங்கள். சிங்கின் கீழே கழிவுக் குழாயோடு பூட்டியிருக்கும் வெளியேற்ற ஹோஸைக் கழற்றி, நுனியை வாளிக்குள் விடுங்கள். மெஷினுக்குள் இரண்டு லீட்டர் தண்ணீரை ஊற்றி, பிளக்கை மாட்டி வெளியேற்றத்தைப் போடுங்கள். பல மெஷின்களில் ஸ்டார்ட் பட்டனை 3 வினாடி அழுத்திப் பிடித்தால் புரோகிராம் இரத்தாகி வெளியேற்றம் தொடங்கும். வாளிக்குள் தண்ணீர் பீறிட்டு வந்தால் மெஷின் சுத்தம், அடைப்பு சிங்கின் பக்கம். இந்த வாளிச் சோதனையைச் செய்யாமல் யாரும் பம்ப் வாங்க வேண்டாம்.

சிங்குக் குழாயில் டிஷ்வாஷர் ஹோஸ் பூட்டும் முனை ஒரு சின்ன வாய். எண்ணெய்யும் தேங்காய்ப்பூவும் முதலில் அடைப்பது அதைத்தான். சிங்கையோ கீழ்க்குழாயையோ அண்மையில் மாற்றியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். புதுக் குழாயில் அந்த முனை உள்ளே மூடப்பட்டே வரும். பிளம்பர் பாஸ் அந்த மூடியை வெட்டாமல் ஹோஸை மாட்டிவிட்டுப் போயிருந்தால், மெஷின் அன்றைக்கே பழுதானது போலத் தெரியும்.

ஹோஸ் மெஷினுக்குப் பின்னால் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் ஒரு இடத்தில் சிங்கின் அடிமட்டம் வரை உயர்ந்து வளைந்து பிறகு இறங்க வேண்டும். அந்த வளைவு இல்லாவிட்டால் சிங்கின் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பி வரும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பம்பின் மோட்டரைச் சோதிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய நிலையில், பம்பின் இரண்டு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரில் பொதுவாக 100 முதல் 250 ஓம் வரை காட்டும். எல்லையில்லை என்று காட்டினால் சுருள் அறுந்துவிட்டது, பம்பை மாற்றலாம்.

தண்ணீர் உள்ளே வரவில்லை

இதுதான் கையேடு நமக்குக் கைகொடுக்காத இடம். பெரும்பாலான டிஷ்வாஷர்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் கேட்கும். கூரைத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீருக்கு 10 மீற்றர் உயரத்துக்கு 1 பார் என்று கணக்கு. அப்படியென்றால் தாங்கியின் தண்ணீர் மட்டம் மெஷினின் வாயிலிலிருந்து 3 முதல் 5 மீற்றர் மேலே இருக்க வேண்டும். ஒரு மாடி வீட்டில், சமையலறைக்கு நேர் மேலே சிலெப்பில் தாங்கியை வைத்திருந்தால் இது மட்டுமட்டு. அடுக்குமாடியின் மேல்மாடியிலும் அதே கதை. இப்படியான வீடுகளில் மெஷின் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. தாங்கி நிறைந்திருக்கும் காலையில் சரி, எல்லாரும் குளித்து முடித்த பிறகு பிழை. பழுது வந்து வந்து போகிறது என்றால் முதலில் தாங்கியை நினையுங்கள்.

சோதிக்க இன்னொரு வாளி வேலை. மெஷினுக்கு வரும் வரத்து ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றிவிட்டு, அந்தக் குழாயை வாளிக்குள் முழுவதும் திறந்து ஒரு நிமிடம் பிடியுங்கள். பல கையேடுகள் நிமிடத்துக்கு 10 லீட்டர் கேட்கின்றன. அரை வாளிகூட வரவில்லை என்றால் மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. குழாயின் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா, நடுவில் சின்னத் துளையுள்ள ஆங்கிள் வால்வு (சுவரோரம் மாட்டும் வளைந்த வால்வு) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் தாங்கியை உயர்த்த வேண்டும், அல்லது வீட்டுக்கு ஒரு பிரஷர் பம்ப் வேண்டும். பிரஷர் பம்ப் போட்டால் வெந்நீர் ஷவருக்கும் உயிர் வரும், ஆகவே வீட்டில் ஒப்புதல் வாங்குவது கஷ்டமில்லை.

வாளி நன்றாக நிரம்பினால் வரத்து ஹோஸின் வாயில் இருக்கும் நுண் வலையைப் பாருங்கள். நீர் வழங்கல் சபை திருத்த வேலைக்காகத் தண்ணீரை நிறுத்தித் திரும்ப விட்ட பிறகு குழாயில் கொஞ்ச நேரம் செம்மண் நிறத்தில் வருமே, அந்தத் துருவும் மணலும் வந்து சேரும் இடம் இந்த வலைதான். பிளையர்ஸால் மெதுவாகப் பிடித்து இழுத்து, தூரிகையால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். வலை இல்லாமல் ஓட்ட வேண்டாம், மணல் வால்வுக்குள் போனால் அது மூடாமல் ஒழுகத் தொடங்கும்.

ஹோஸின் குழாய்ப் பக்க நுனியில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் அது அக்குவாஸ்டொப், கசிவு வந்தால் தண்ணீரை நிறுத்தும் பாகம். உள்ளே மின்சார வால்வு இருக்கிறது. ஹோஸ் நீளம் போதவில்லை என்று அதை வெட்டி ஒட்டக்கூடாது, தண்ணீருக்குள்ளும் போடக்கூடாது.

மெஷினுக்குள்ளே ஒரு மூலையில் குமிழ் போன்ற மிதவை இருந்தால் அதைத் தூக்கி விட்டுப் பாருங்கள். மேலே சிக்கி நின்றால் மெஷின் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எடுக்காது. கடைசியாக வால்வின் சுருள். மல்டிமீட்டரில் 3,000 முதல் 4,500 ஓம் வரை காட்டினால் பொதுவாக நல்லது.

அடியில் தண்ணீர், பம்ப் நிற்காமல் ஓடுகிறது

மெஷின் தொடங்கவே மறுக்கிறது, வெளியேற்றப் பம்ப் மட்டும் ஓயாமல் உறுமுகிறது. அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்து, அங்கிருக்கும் வெள்ளை நிற மிதவை உயர்ந்திருக்கும். தண்ணீர்க் குழாயை மூடிப் பிளக்கைக் கழற்றுங்கள். முன்பக்கக் கீழ்த் தகட்டைக் கழற்றி, ஸ்பொஞ்ச்சால் தண்ணீரை ஒற்றி எடுங்கள். மெஷினைப் பின்னால் சாய்த்து ஊற்றிவிடச் சொல்லி யாராவது காட்டித்தருவார்கள். தண்ணீர் போகும், பிழையும் போகும். ஆனால் கசிவு அப்படியேதான் இருக்கும், மறு வாரம் திரும்ப வரும்.

காரணம் தேட வேண்டும். நான் முதலில் கேட்பது: என்ன சவர்க்காரம் போட்டீர்கள்? மெஷினுக்கான பவுடர் தீர்ந்த நாளில் கையால் கோப்பை கழுவும் திரவத்தில் கொஞ்சம் விட்டாலே போதும், நுரை பொங்கிக் கதவு வழியாகவும் அடியிலும் இறங்கும். நுரையை அள்ளி எறிந்துவிட்டு, இரண்டு செம்பு பச்சைத் தண்ணீரும் ஒரு சின்னக் கோப்பை வினாகிரியும் ஊற்றி வெளியேற்றுங்கள். நுரை அடங்கும் வரை தண்ணீரை மட்டும் ஊற்றித் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்தது கதவு ரப்பர். ஈரத் துணியால் மடிப்புக்குள் துடையுங்கள், கீழ் விளிம்பை மறக்காதீர்கள். அங்கே படியும் கொழுப்பு ரப்பரைத் தூக்கிவிடும். ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பிறகு கீழ்த் தெளிப்புக் கை விளிம்பில் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், வெடிப்பு வழியாகத் தண்ணீர் நேரே கதவு இடுக்குக்கு அடிக்கும். மெஷின் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று மட்டப் பலகை வைத்துப் பாருங்கள்.

எலியையும் மறந்துவிடக்கூடாது. மெஷினின் அடிப்பகுதி சூடாக, இருட்டாக, சாப்பாட்டு மணத்தோடு இருக்கும். எலிக்கு அதைவிட என்ன வேண்டும்? ஹோஸில் பல் தடம் தெரிந்தால் ஹோஸை மாற்றுங்கள், டேப் சுற்றுவது நிற்காது. வயரையும் கடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அது உள்ளே வந்த சுவர்த் துளையைக் கம்பி வலை வைத்து அடையுங்கள்.

ஓடுகிறது, ஆனால் பாத்திரம் சுத்தமில்லை

இது பெரும்பாலும் பழுதே அல்ல. தெளிப்புக் கைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு துளையையும் பாருங்கள். கடுகும் மிளகாய் விதையும் அந்தத் துளைக்கென்றே அளவெடுத்தவை. பல்குச்சியால் குத்தி உள்ளே தள்ளாமல், வளைத்த மெல்லிய கம்பியால் வெளியே இழுங்கள். பிறகு கைக்குள் தண்ணீரை விட்டுக் குலுக்கி ஊற்றுங்கள்.

கை சுற்றுகிறதா என்று அறிய, அதை நேர் கிழக்கு மேற்காக நிறுத்திவிட்டு மெஷினைப் போடுங்கள். சில நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து பாருங்கள், வேறு இரண்டொரு தடவையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே திசையில் நின்றால் ஏதோ தடுக்கிறது. கூடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு அகப்பைக் காம்பு போதும். சவர்க்காரப் பெட்டிக்கு நேர் முன்னால் பெரிய தட்டை வைத்தால் மூடி திறக்காது, கழுவி முடிந்த பிறகும் வில்லை அப்படியே உள்ளே கிடக்கும். கொழும்பு ஈரக்காற்றில் பவுடர் கட்டிபட்டுக் கல்லாகிவிடுவதும் இதே விளைவைத் தரும், ஆகவே இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

கண்ணாடியில் வெள்ளைப் படிவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கடினத் தண்ணீரை மென்மையாக்க மெஷினின் உப்புப் பெட்டியில் போடும் உப்பு இதில் நிறைய வீணாகிறது. களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் தண்ணீரும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணீரும் மென்மையானவை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தடித் தண்ணீர் போலக் கேத்தில் அடியில் ஓடு கட்டாது. ஆகவே கொழும்பில் சபைத் தண்ணீர் பாவிக்கும் வீட்டில் மெஷினின் நீர்க் கடினத்தை மிகக் குறைந்த எண்ணில் வைத்தாலே பெரும்பாலும் போதும். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் என்றால் அது வேறு கதை, சோதனைப் பட்டை வாங்கிப் பார்த்து வையுங்கள்.

அப்படியானால் வெள்ளை எங்கிருந்து வருகிறது? பஞ்சில் வினாகிரி தொட்டுக் கண்ணாடியின் ஒரு ஓரத்தைத் தேயுங்கள். போனால் அது படிவு, உப்பையும் ரின்ஸ் எய்டையும் (கடைசி அலசலில் சேரும் திரவம்) சரிபாருங்கள். போகாமல், பனி படர்ந்தது போலவே நின்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது. மென்மையான தண்ணீரில், அதிக சவர்க்காரத்தோடு, அதிகச் சூட்டில் திரும்பத் திரும்பக் கழுவினால் வருவது அது. அதற்கு மருந்து இல்லை. மிச்சக் கிளாஸ்களையாவது காப்பாற்ற, சவர்க்காரத்தைக் குறைத்து, சூடு குறைந்த புரோகிராமில் போடுங்கள். உப்புப் பெட்டிக்கு ஆனையிறவுச் சமையல் உப்பை அள்ளிப் போடும் ஆசை வேண்டாம், டிஷ்வாஷருக்கென்றே விற்கும் பெரிய பருக்கை உப்பே வேண்டும்.

பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் கறை போகவில்லை என்று மெஷினைக் குறை சொல்பவர்கள், அந்த டப்பாவை ஒரு பகல் நல்ல வெயிலில் வைத்துப் பாருங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதையும். இதற்கு எந்த மெஷினும் வெயிலுக்கு நிகரில்லை.

மெஷினுக்குள் நாற்றம் அடித்தால் பிளீச் ஊற்றாதீர்கள். உள்ளே இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பிளீச் அதை அரிக்கும். வினாகிரியோடு சேர்ந்தால் நச்சு வாயுவே வரும். பில்டரைக் கழுவி, ஒரு கோப்பை வினாகிரியை மேல் கூடையில் வைத்து, வெறும் மெஷினை அதிகச் சூட்டில் ஓட்டினால் போதும். இதையும் அடிக்கடி செய்ய வேண்டாம், ரப்பருக்கு நல்லதல்ல.

சூடாகவில்லை, அல்லது ட்ரிப் விழுகிறது

ட்ரிப் சுவிட்ச் எப்போது விழுகிறது என்பதே இங்கே பாதிப் பதில். பிளக்கைப் போட்டவுடனே விழுந்தால் மின்கம்பியோ, வயர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் வடிகட்டியோ. மெஷின் நன்றாக ஓடி, தண்ணீர் எடுத்து, கொஞ்ச நேரம் கழித்து விழுந்தால் ஹீட்டர், ஏனென்றால் அப்போதுதான் அது பற்றுகிறது. தண்ணீர் எடுக்கும்போது விழுந்தால் வரத்து வால்வு.

ஹீட்டரின் இரு முனைகளுக்கும் இடையே 2,000 வோட் அளவுள்ள ஒன்றுக்கு 26 ஓம் அளவில் காட்ட வேண்டும், 230 வோல்ட்டுக்கு அதுதான் கணக்கு. ஒரு முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே எதுவுமே காட்டக்கூடாது. காட்டினால் ஹீட்டரிலிருந்து உடலுக்கு மின்சாரம் கசிகிறது. சாதாரண மல்டிமீட்டரில் தெரியாத கசிவும் உண்டு, அதற்கு மெகர் (கூடிய வோல்ட்டில் மின்கசிவைச் சோதிக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீசியன் வேண்டும். புதிய பொஷ் மாடல்களில் ஹீட்டரும் சுழற்சிப் பம்பும் ஒரே பாகம், தனித்தனியாக மாற்ற முடியாது.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். ட்ரிப் விழுகிறது என்பதற்காக ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயர் கொடுக்க வருபவரை வீட்டுக்குள் விடாதீர்கள். எர்த் வயரை வெட்டிவிடச் சொல்பவரையும்தான். தண்ணீரும் உலோகமும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் பெட்டி இது.

உயிரே இல்லை

திரையில் ஒன்றுமே வரவில்லை. அதே சொக்கட்டில் கேத்திலை மாட்டிப் பாருங்கள். பிறகு பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். சதுர முள் பிளக்குக்குள் 13 அம்பியர் பியூஸ் இருக்கும். வட்டத் துளை சொக்கட்டில் அடப்டர் போட்டு மாட்டியிருந்தால் அதன் பிளாஸ்டிக் மஞ்சளாகியோ உருகியோ இருக்கிறதா என்று பாருங்கள். 2,000 வோட் ஹீட்டர் 9 அம்பியர் அளவில் இழுக்கும், 5 அம்பியர் சொக்கட் அதைத் தாங்காது. மல்டி பிளக்கும் வேண்டாம்.

கதவு "டக்" என்று பூட்டுகிறதா? பூட்டுக்குள் இருக்கும் சின்னச் சுவிட்ச் தட்டாவிட்டால் மெஷின் கதவு திறந்திருக்கிறது என்றே நினைக்கும். குழந்தைப் பூட்டும் தாமதத் தொடக்கமும் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் நடக்கும்.

இதெல்லாம் சரியென்றால்தான் போர்ட். அதிலும் முதலில் கதவின் உள்தகட்டைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். எறும்புக் கூடு, கருகிய பல்லி, கரப்பான் எச்சம் இவையெல்லாம் சூடான போர்ட்டில் சர்வசாதாரணம். காய்ந்த மென்தூரிகையாலும் ஐசோப்ரோப்பைல் அல்ககோலாலும் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பூட்டினால் உயிர் வருவதுண்டு. வெள்ளவத்தை, தெஹிவளை போலக் கடற்கரையோரம் இருக்கும் வீடுகளில் இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும், ஒவ்வொன்றையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

இடி நேரத்தில் பிளக்கைக் கழற்றி வைப்பது நல்லது. கரண்ட் போனாலும் அப்படித்தான், திரும்பி வரும் வேளையில்தான் வோல்ட் குதிக்கும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் கரண்ட் போனதே, அன்றைக்குக் குரங்கைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பிளக்கைக் கழற்றியவர்கள் கெட்டிக்காரர்கள்.

பாகம் வாங்குவதும் ஆளைக் கூப்பிடுவதும்

கதவைத் திறந்தால் அதன் மேல் விளிம்பிலோ பக்க விளிம்பிலோ மாடல் எண் இருக்கும். முழுவதையும், கோட்டுக்குப் பிறகு வரும் எண்களோடு, படம் எடுத்து வையுங்கள். ஒரே பெயரில் பல பம்ப் வந்திருக்கும், கடைசி இரண்டு இலக்கம்தான் வித்தியாசம். கழற்றிய பழைய பாகத்தையும் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

உத்தரவாதக் காலம் இருந்தால் பில்டர், விசிறி, ஹோஸ், வலை தாண்டி எதையும் திறக்க வேண்டாம். சுழற்சிப் பம்ப் அரைக்கும் சத்தம் போட்டாலும், எரிந்த மணம் வந்தாலும் ஆளைக் கூப்பிடுங்கள். வருபவரிடம் "வேலை செய்யவில்லை" என்று சொல்லாமல், "தண்ணீர் எடுக்கிறது, சுற்றுகிறது, சூடாகவில்லை, ஹீட்டர் 26 ஓம் காட்டுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். பேசும் விலையே வேறாக இருக்கும். மாற்றிய பழைய பாகத்தை உங்களிடம் தந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பூட்டிய பிறகு

முதலில் தண்ணீர்க் குழாயை மட்டும் திறந்து, எல்லா இணைப்பையும் காய்ந்த விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் பிளக்கைப் போடுங்கள். கீழ்த் தகட்டை இப்போதே பூட்ட வேண்டாம். மெஷினின் கீழே பழைய பத்திரிகைத் தாளை விரித்து, பாத்திரம் இல்லாமல் ஒரு முறை அதிகச் சூட்டில் ஓட்டுங்கள். அடுத்த ஓட்டத்துக்குப் பாத்திரத்தோடு போடுங்கள், சில கசிவுகள் பாரம் ஏறினால்தான் காட்டும். சொட்டு விழுந்தால் தாளில் எந்த இடம் நனைந்திருக்கிறது என்று பாருங்கள், அதற்கு நேர் மேலே இருக்கும் கிளிப்பில் தொடங்குங்கள். இரண்டு ஓட்டத்திலும் தாள் காய்ந்தே இருந்தால் தகட்டைப் பூட்டிவிடலாம்.